பதினோராம் பக்கத்து ஜன்னல்

1

நான் கதை எழுத உட்காரவில்லை. அக்காவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆறு வரி வந்தது. ஏழாவது வரியை 'நான்' என்று தொடங்கிவிட்டு, மேலே போகமுடியாமல் பேனாவை மூடிவைத்தேன். மறுநாள் அந்த 'நான்' என்பதை அடித்து 'அவன்' என்று மாற்றிப் பார்த்தேன். மளமளவென்று நான்கு பக்கம் ஓடியது. அடுத்தவன் செய்த தப்பை எழுத எனக்குக் கை கூசுவதே இல்லை.

அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். இதை 'நான்' வைத்தே எழுதுகிறேன். நடுவில் எங்காவது 'அவன்' என்று வந்துவிட்டால், எழுதுகிறவன் நழுவப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஆற்றின் மடியில் அமைந்த அந்தச் சிறிய நகரம் மாலை வெயிலில் பொன்னாக ஒளிரும்போது..."

[அடித்தாயிற்று. நகரத்தின் வழிகாட்டிப் புத்தகத்தில் நான் எழுதிய முதல் வரி இது. ஒரே சரக்கை இரண்டு தடவை விற்கக் கூடாது.]

"எனக்கும் அக்காவுக்கும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அன்று அத்தான் எல்லோர் முன்னாலும் சொன்ன அந்த ஒரு சொல்..."

[இதையும் அடித்தாயிற்று. அத்தான் எந்தச் சொல்லும் சொல்லவில்லை. எங்களுக்குள் சண்டையே கிடையாது. சண்டை இருந்திருந்தால் கதைக்கு எவ்வளவு வசதி. அத்தான் ஒரு பக்கம் கை கால் விழுந்து பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தார். "ஞாயித்துக்கிழமை வர்றேன்க்கா" என்று நான் போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, நான் போகவில்லை. நான் இருப்பது எதிர்க்கரையில். பாலத்தைத் தாண்டி நடந்தால் இருபத்தைந்து நிமிடம். அத்தான் இறந்த அன்று போனேன். கீழ்த்தளத்துக் கூடத்தில் நின்றேன், மாடி ஏறவில்லை, மதியமே கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு என்ன முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டதில் நான்கு வருடம் ஓடிவிட்டது. காரணம் இவ்வளவுதான். செத்துப்போன மனிதரின் வாயில் ஒரு சுடுசொல்லை வைத்து என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன்.]

3

என் தொழில் எழுதிக் கொடுப்பது. திருமண மண்டபத்துக்கு விளம்பரம், மருத்துவமனைக்கு ஆண்டு மலர், வங்கி மேலாளர் ஓய்வு பெற்றால் வாழ்த்து மடல். போன வருடம் நகரச் சுற்றுலா அலுவலகம் முப்பது பக்கத்தில் ஒரு கைப்புத்தகம் கேட்டது. 'ஒரே நாளில் எங்கள் நகரம்: பத்து இடங்கள்'. வேலையும் நல்ல வேலை, அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் என் பெயரும் வரும்.

நகரத்தில் பார்க்க என்னவெல்லாம் இருக்கிறது என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். இருந்தாலும் ஒன்பது தேறியது. இரும்புப் பாலம். ஏழு நிமிடம் பின்தங்கி ஓடும் மணிக்கூண்டு ('காலத்தின் பரபரப்புக்குச் செவிசாய்க்காத' என்று எழுதினேன்). எந்த வருடம் வெள்ளம் எதுவரை வந்தது என்று கோடு கீறிய கல்தூண். படகுத்துறை, வாத்துத் தீவு, பழைய நீரேற்று நிலையம், சனிக்கிழமைச் சந்தை, நாற்றுப் பண்ணை, மூன்று அறை கொண்ட அருங்காட்சியகம். பத்தாவதுதான் அகப்படவில்லை.

ஒன்பதோடு விட்டுவிடலாமே என்று அதிகாரியம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். அட்டையில் ஒன்பது என்று போட்டால் பாதியில் எழுந்து போன மாதிரி இருக்கும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. மூன்று மணிக்கு அச்சகத்துக்குப் போகவேண்டும், மணி பன்னிரண்டரை.

[இந்த அதிகாரியம்மா உண்மையில் இரண்டு பேர். ஒருவர் கடுமையானவர், இன்னொருவர் அன்பானவர். கதையில் ஆட்கள் குறைந்தால் உங்களுக்கு நல்லது என்று ஒன்றாக்கிவிட்டேன். கடுமையானவர்தான் மிஞ்சியிருக்கிறார்.]

அப்போது அக்கா வீட்டு மாடி ஜன்னல் ஞாபகம் வந்தது. படிப்பில் கோட்டை விட்டு இரண்டு வருடம் அந்த மாடியில்தான் கிடந்தேன். ஜன்னலை ஒட்டி நான் எழுத வசதியாக அத்தான் ஒரு பலகை அடித்துக் கொடுத்திருந்தார். அங்கே உட்கார்ந்தால் ஆறு வளைகிற இடம் முழுசாகத் தெரியும். ஒரு பக்கம் மலைத் தண்ணீர் பச்சையாக வரும், இன்னொரு பக்கம் வாய்க்கால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும், வளைவில் இரண்டும் கொஞ்ச தூரம் கலக்காமலே போகும். படித்ததை எல்லாம் மறந்துவிட்டேன். அதை மறக்கவில்லை.

பத்து நிமிடத்தில் எழுதினேன். பதினோராம் பக்கம்:

'மூன்றாம் தெருக் கோடியில், பச்சைக் கதவு போட்ட வீட்டின் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், இரு நிற நீர் ஒன்றாகிற அற்புதத்தைக் காணலாம். வீட்டிலுள்ள அம்மையார் புன்னகையுடன் வரவேற்பார். கட்டணம் இல்லை.'

அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதென்றால் போன் செய்யவேண்டும். செய்தால் "என்னடா, இத்தனை நாளா ஆளையே காணோம்" என்பாள். பத்தாவது இடத்துக்கு எவனும் போகமாட்டான் என்ற தைரியம் வேறு. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஏழாவதிலேயே கால் ஓய்ந்துவிடும்.

அக்கா சட்டென்று புன்னகைக்கிற ஆளும் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

4

(சின்னதுதான். ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் எல்லாமே பூசி மெழுகுவதாகிவிடும்.)

புத்தகத்தோடு ஒரு படிவமும் கொடுக்கவேண்டும். இடத்தின் பெயர், நேரில் பார்த்த தேதி, கையெழுத்து. பத்து வரி. நான் உண்மையாகப் போய்ப் பார்த்தவை நான்கு. மற்ற ஆறுக்கும் தேதியை உட்கார்ந்த இடத்திலேயே போட்டேன். எல்லாம் ஒரே மையில் இருந்தால் சந்தேகம் வரும் என்று நீலத்தில் பாதி, கறுப்பில் பாதி எழுதினேன். பத்தாவது வரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டேன். ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று அப்போது யோசிக்கவில்லை.

5

புத்தகம் வந்தது. நல்ல பெயரும் வந்தது. பதினான்காம் பக்கத்தில் வெளியூர்க்காரர்களுக்கு வேண்டிய தகவல்கள் இருந்தன: கழிப்பறைகள், பேருந்து நேரம், மருந்துக் கடை. வாகனம் நிறுத்துமிடம் பற்றி அலுவலகம் கொடுத்த குறிப்பை நான் இப்படி அழகுபடுத்தியிருந்தேன்: 'மூன்றாம் தெருவில், ஆற்றை ஒட்டி, கம்பீரமாக எழுந்து நிற்கும் நான்கு அடுக்கு வாகன நிறுத்தம்.'

நீங்கள் இந்நேரம் புரிந்துகொண்டிருப்பீர்கள். எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. மூன்றாம் தெருவில் ஆற்றை ஒட்டி நான்கு அடுக்குக்கு ஒன்று எழுந்து நின்றால், பச்சைக் கதவு வீட்டு ஜன்னலிலிருந்து என்ன தெரியும்? இரண்டையும் எழுதியது ஒரே கை. நடுவில் இரண்டே பக்கம்.

அத்தான் இறந்த அன்று அந்தத் தெருவில் சாரம் கட்டியிருந்ததைப் பார்த்தேன். ஏதோ கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வண்டியை அங்கேதான் நிறுத்துவார்கள். இறங்கினால் எதிரே பச்சைக் கதவு. கையிலோ புத்தகம். யாரும் போகமாட்டார்கள் என்று நான் நம்பிய பத்தாவது இடத்துக்கு எல்லோரும் முதலில் போயிருக்கிறார்கள்.

6

போன மாதம் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு, மனைவியோடு வந்துபோனவர். மணிமணியான கையெழுத்து. அதிகாரியம்மா என்னைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொன்னார்.

பதினோராம் பக்கத்து ஜன்னலிலிருந்து ஆறு தெரியவில்லை, சிமெண்ட் சுவரும் அதில் மஞ்சள் சாயத்தில் எழுதிய '2' என்ற எண்ணும்தான் தெரிகின்றன என்று தொடங்கியிருந்தார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று திரும்பப் போனபோது அந்த அம்மாள் உட்காரச் சொல்லியிருக்கிறாள். அந்த இரண்டுக்குப் பின்னால்தான் வளைவு இருக்கிறது, வாங்க காட்டுகிறேன் என்று இவர்களைக் கூட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி, வண்டிகள் ஏறுகிற சரிவுப் பாதை வழியாக, சுவரைப் பிடித்துப் பிடித்து நான்கு அடுக்கும் ஏறியிருக்கிறாள். ஒவ்வொரு அடுக்கிலும் நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டாளாம். மின்தூக்கி பழுது என்று பலகை தொங்கியதாம். மொட்டை மாடியிலிருந்து இரண்டு நிறத் தண்ணீரையும் காட்டிவிட்டு, "என் தம்பி எழுதினப்போ இதெல்லாம் ஜன்னல்லேருந்தே தெரிஞ்சுது. கட்டடம் அப்புறம்தான் வந்துச்சு" என்றாளாம்.

கடைசிப் பத்தியை மனப்பாடமாகச் சொல்வேன். 'திறப்பு விழாக் கல்லில் உள்ள தேதியைப் பார்த்தேன். தங்கள் புத்தகம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முந்தையது. அந்த அம்மாளிடம் இதை நான் சொல்லவில்லை. தங்களிடம் சொல்கிறேன்.'

படித்து முடித்தபோது என் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரியம்மா மெதுவாகக் கேட்டார். "நீங்க நேர்ல போய்ப் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேன்" என்றேன்.

பழைய படிவத்தை எடுத்து, என் முன்னாலேயே பத்தாவது வரியில் விரலை வைத்தார். விரலை எடுக்கவில்லை. பிறகு, இரண்டாம் பதிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, பதினோராம் பக்கத்தை வைப்பதா எடுப்பதா என்று நானே எழுத்தில் கொடுக்கவேண்டும் என்றார். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து அவரைத் திட்டியிருக்கலாம்.

எடுத்தால் அக்காவின் முழங்கால் பிழைக்கும். ஆனால் வந்து பார்க்காமலே எழுதினேன் என்று நானே எழுத்தில் ஒப்புக்கொண்டதாகிவிடும். வைத்தால் என் மானம் பிழைக்கும், அக்கா சரிவில் ஏறிக்கொண்டே இருப்பாள். இவ்வளவுதான் இந்தக் கதையின் சிக்கல்.

7

இந்த இடத்தில் நிறுத்திப் படித்துப் பார்த்தபோது அக்கா மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ரொம்ப நல்லவளாக வந்துவிட்டாள். தம்பி மானத்தைக் காக்க முழங்காலைத் தேய்க்கிற அக்காவை யாராவது கதையில் கொண்டுவந்தால் நானே நம்பமாட்டேன். அதனால் நிஜ அக்காவை எழுதிவிடுகிறேன்.

என்னைவிட எட்டு வயது மூத்தவள். அரசு மருத்துவமனையில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் ஜன்னலில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள். ரத்தம் சொட்டச் சொட்ட வந்தவனிடமும் தகப்பன் பெயரைக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் உள்ளே விடுவாள் என்று அத்தான் கேலி செய்வார். யாரையும் லேசில் பாராட்டமாட்டாள். விருந்தாளி அதிக நேரம் உட்கார்ந்தால் மின்விசிறியை நிறுத்துவாள். ஒருவர் செய்த தப்பை இருபது வருடம் கழித்தும் தேதியோடு சொல்வாள்.*

* இதை எழுதும்போதுதான் பயந்தேன். தேதி விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

8

நான் தயார் செய்து வைத்த முடிவுகள்:

(அ) போகிறேன். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன். அவளும் அழுகிறாள். [நாங்கள் அழுகிற குடும்பம் இல்லை. அத்தான் இறந்த அன்றுகூட அவள் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.]

(ஆ) அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. என்னை அடையாளம் தெரியாமல், வெளியூர்க்காரன் என்று நினைத்து ஜன்னலைக் காட்டுகிறாள். [பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அவள் தெருக்கோடியில் நிற்கிற வண்டியிலுள்ள கத்தரிக்காயின் சொத்தையைக் கண்டுபிடிப்பவள்.]

(இ) போகாமலே 'எடுத்துவிடவும்' என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஆட்கள் வருவது நின்றுபோகிறது. ஏன் என்று அக்கா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

(இ) கற்பனை இல்லை. அந்தக் குறிப்பை எழுதி, மடித்து, சட்டைப்பையில் வைத்திருந்தேன். என்னை என் போக்கில் விட்டிருந்தால் அதுதான் நடந்திருக்கும். சனிக்கிழமை சந்தைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன் பாலத்தில் ஏறிவிட்டேன். இருபத்தைந்து நிமிடம்தான் ஆயிற்று. நான்கு வருடமாகத் தூரம் கூடிவிட்டது மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன்.

9

பச்சைக் கதவின் முன்னால் ஒரு அம்மாவும் வளர்ந்த மகளும் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒளிந்தாற்போல் நின்றேன். அக்கா கதவைத் திறந்தாள். அவர்களைப் பார்த்தாள், அவர்கள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். முடி முழுசாக நரைத்திருந்தது.

"செருப்பை வாசல்ல விட்டுட்டு ஒவ்வொருத்தரா ஏறி வாங்க" என்றாள், மூன்று பேருக்கும் சேர்த்து.

மாடியில் பலகை அப்படியே இருந்தது. ஜன்னலை ஒட்டிக் கட்டில். கார்டு கடிதத்தில் சொன்ன மஞ்சள் '2' நேர் எதிரே தெரிந்தது. அத்தான் பதினோரு மாதம் இந்தப் பக்கம் பார்த்துத்தான் படுத்திருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. மகள் கட்டிலைப் பார்த்து, இங்கே யார் படுப்பார்கள் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர், சுவர் எழும்ப எழும்ப இன்னைக்கு எத்தனை வரிசை வெச்சாங்கன்னு எண்ணிச் சொல்வார், இரண்டாம் அடுக்கு மூடுவதற்குள் போய்விட்டார் என்று அக்கா சொன்னாள். சீட்டு எழுதுகிற குரலிலேயே சொன்னாள்.

பிறகு நால்வரும் சரிவில் ஏறினோம். மூன்றாம் அடுக்கில் அக்கா நின்று சுவரைப் பிடித்தாள். அவன் கையை நீட்டினான்.

[நழுவிவிட்டேன். நான் நீட்டினேன்.]

அக்கா கையைப் பிடிக்கவில்லை. தோளில் இருந்த பையைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டு மேலே நடந்தாள்.

மொட்டை மாடியில் காற்று அடித்தது. வளைவு கீழே கிடந்தது. பச்சையும் செம்மண்ணும் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. நான் எழுதியதில் அது ஒன்றுதான் பொய்யில்லை. அந்த அம்மா வாய் பிளந்து நின்றார். மகள் புத்தகத்தைப் பார்த்து, இதில் ஜன்னல் என்றுதானே போட்டிருக்கிறது என்றாள்.

"என் தம்பி எழுதினப்போ ஜன்னல்லேருந்தே தெரிஞ்சுது. கட்டடம் அப்புறம்தான் வந்துச்சு."

நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வந்ததா? வரவில்லை. அந்த இருவரும் படம் பிடித்து முடித்து, நன்றி சொல்லி, அக்கா பையிலிருந்து எடுத்து நீட்டிய நீளமான நோட்டில் எழுதிவிட்டு இறங்கும்வரை அக்காவின் பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான் வந்து பாக்காமலே எழுதிட்டேன்."

"தெரியும்டா. வந்து பாத்திருந்தா ஜன்னல்னு எழுதியிருப்பியா?"

"அப்புறம் ஏன் எனக்காகப் பொய் சொன்னே?"

அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள்.

"முதல்ல வந்தவங்க நீ அனுப்பி வந்தாங்கன்னு நினைச்சேன். அக்கா தனியா இருக்கான்னு தம்பி ஆள் அனுப்பறான்னு. ரெண்டு மாசம் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன். அப்புறம் புத்தகத்துல நீ அந்தக் கட்டடத்தையும் புகழ்ந்து எழுதியிருக்கிறதைப் படிச்சேன். சரி, அவன் வரலேன்னாலும் வர்றவங்களாவது வரட்டும்னு விட்டுட்டேன். அத்தானுக்கப்புறம் மாடி ஏறி யார்றா வந்தாங்க?"

நான் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டேன். மடித்த குறிப்பு அங்கேயே இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லட்டுமா, முட்டி வலிக்கிறதே என்றேன். "என் முட்டிக்கு நீ கவலைப்படாதே" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். எழுத்தில் அந்தத் தொனி வரவில்லை.

பிறகு பையை வாங்கி அந்த நீளமான நோட்டை மறுபடி எடுத்தாள். மருத்துவமனைப் பதிவேடு மாதிரியே அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். தேதி. பெயர். எங்கிருந்து. யார் சொல்லி வந்தீர்கள். நாற்பத்தேழு பக்கம் நிரம்பியிருந்தது. நான்காவது கட்டத்தில் எல்லோரும் 'புத்தகம்' என்றே எழுதியிருந்தார்கள்.

"எழுது. வந்தவங்க எல்லாரும் எழுதணும்."

தேதியைப் போட்டேன். அந்த இடத்துக்கு என் கை போட்ட முதல் உண்மையான தேதி. பெயரை எழுதினேன். எதிர்க்கரை என்று எழுதினேன். நான்காவது கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அக்கா ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், மருத்துவமனையில் யாராவது தகப்பன் பெயரைச் சொல்லத் தயங்கினால் செய்வாளே, அதே மாதிரி.

10

அந்தக் கட்டத்தில் என்ன எழுதினேன் என்பதை ஐந்து விதமாக இங்கே எழுதி ஐந்தையும் அடித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகிக்கொண்டே போனேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லப்போவதில்லை. இரண்டாம் பதிப்பு உங்கள் கைக்கு வந்தால் பதினோராம் பக்கத்தைப் புரட்டுங்கள். அங்கே வேறு ஏதாவது இருந்தாலும் மூன்றாம் தெருவும் பச்சைக் கதவும் அங்கேயேதான் இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏறுங்கள். சரிவில் ஏறும்போது பையை வாங்கிக்கொள்ளுங்கள், கொடுப்பாள். நோட்டைக் கேட்டு வாங்கி, நாற்பத்தெட்டாம் பக்கத்தின் முதல் வரியில் நான்காவது கட்டத்தைப் பாருங்கள்.

நான் எழுதியிருக்கிறேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள்.